நாற்பது படங்களும் ஒரு நீலப் பென் டிரைவும்

டிவிக்கு எந்தப் பெட்டி வாங்கலாம் என்று ஆளாளுக்கு ஆலோசனை கேட்கிற காலம் இது. நான் சொல்லப்போவதும் அப்படி ஒரு பெட்டி விவகாரம்தான். ஆனால் அசட்டையாகக் கேட்காதீர்கள். விடைக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே கிடக்கிறது. கடைசியில் நான் கேட்கும்போது திருதிருவென்று விழிக்கக் கூடாது.

தூத்துக்குடியில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பு. லிஃப்ட் கிடையாது. முதல் மாடியில் அல்போன்ஸ் பர்னாந்து தனியாக இருந்தார். முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் கப்பல்களோடு பேசிய மனிதர். மனைவி ரெஜினா இறந்த பிறகு பேச ஆளில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் போனதும் கதவைச் சாத்தியவர், இரண்டு வருடமாக யார் வீட்டுப் படியும் மிதிக்கவில்லை. வீட்டில் கேட்கிற ஒரே குரல் டிவியுடையது. அதையும் ஓர் இடி கெடுத்தது. கேபிள் பெட்டி கருகியது. டிவியின் பின்னால் இருந்த மூன்று எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றுதான் பிழைத்தது.

ரெஜினா பார்த்துப் பார்த்து வாங்கிய டிவி. அதை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. ஆக, ஒரு துளை, ஒரு பெட்டி. ஒன்றை மூன்றாக்கும் கருவி கடையில் கிடைக்குமே என்று மேதாவிகள் குறுக்கே வருவீர்கள். அதையும் வாங்கி மாட்டினார். படம் வந்தது, சத்தம் வரவில்லை. அவருக்கு வேண்டியதே சத்தம்தான்.

தோஹாவில் இருக்கும் மகன் ரிச்சர்ட், டிவியில் சொருகுகிற விரல் நீளக் குச்சி ஒன்று அனுப்பினான். ரிமோட்டில் பேசினால் கேட்டது வரும். "இனிமே நீங்க யாரையும் எதிர்பாக்க வேண்டாம்ப்பா" என்றான். அல்போன்ஸ் ஒரு வாரம் அதோடு இருந்தார். ஒரு மதியம் வாய் தவறி ரிமோட்டிடம், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டார். அது வரிசையாகப் பிரியாணிக் கடைகளைக் காட்டியது.

கோயம்புத்தூர் மகள் செல்சியா உள்ளங்கை அகலத்தில் ஒரு மினி பிசி அனுப்பினாள். அவருக்கு வந்த மூன்று பெட்டிகளில் உசத்தி அதுதான். "எது கெட்டாலும் நான் இங்க இருந்தே சரி பண்ணிருவேன். நான் வரணும்னே இல்லப்பா" என்றாள். சொன்னபடி செய்தாள். டிவியில் அம்புக்குறி தானாக நகரும். எதையோ திறக்கும், மூடும், வேலை முடிந்ததும் நின்றுவிடும். "செல்சியா, இருக்கியாம்மா?" என்று அல்போன்ஸ் டிவியைப் பார்த்துக் கேட்பார். அம்புக்குறி அசையாது.

மூன்றாவது பெட்டி மூன்றாம் மாடியிலிருந்து வந்தது. அங்கே இருந்தவர் பீர் முகமது. இழுவைப் படகில் என்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி சென்னையில் மகள் வீட்டோடு தங்கிவிட்டார். அவர் கொண்டுவந்தது பரணில் கிடந்த பழைய மீடியா பிளேயர். அதற்கு இன்டர்நெட் எல்லாம் தெரியாது. பென் டிரைவில் படம் ஏற்றிக் கொடுத்தால் ஓட்டும், அவ்வளவுதான். கூடவே ஒரு நீலப் பென் டிரைவ்.

"பழசு அண்ணாச்சி. ஒரு படத்துக்கு மேல இதுல நிக்காது. முடிஞ்சதும் நானே வந்து மாத்தித் தாரேன்" என்றார்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் இறங்கி வந்தார். டிரைவைக் கொடுத்துவிட்டுப் போகிற ஆளா அவர்? உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தார், வில்லனை வாய்க்கு வந்தபடி திட்டினார், டீயில் சீனி பத்தவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தார். போகும்போது அடுத்த படம் ஏற்ற டிரைவை எடுத்துக்கொண்டு போனார். குச்சியும் மினி பிசியும் அலமாரிக்குள் போயின. பிள்ளைகள் இருவருக்கும் மனத்தாங்கல்.

"போயும் போயும் அந்த ஓட்ட டப்பாவாப்பா?" என்று ரிச்சர்ட் போனில் கேட்டான்.

"இருக்கட்டும்ல" என்றார் அல்போன்ஸ்.

எட்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் காலை பீர் முகமது குளியலறையில் வழுக்கி விழுந்தார். முழங்காலில் கட்டு, இரண்டு மாதம் படி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் வாட்ச்மேன் அந்த நீலப் பென் டிரைவைக் கொண்டுவந்து நீட்டினார். "பாய் குடுத்துவிட்டாவ. ரெண்டு மாசத்துக்குத் தாங்குமாம்."

அல்போன்ஸ் அதைச் சொருகிப் பார்த்தார். திரையில் நாற்பது படங்கள்.

பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்தார். நாற்பதையும் தனியாகப் பார்க்க வேண்டுமே என்று நினைத்ததும் அவருக்குப் பயமாக இருந்தது. பிறகு ரிமோட்டை எடுத்து ஒவ்வொன்றாக அழித்தார். முப்பத்தொன்பது போயின. ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். சட்டையை மாட்டினார், கதவைப் பூட்டினார், மூச்சு வாங்க வாங்க இரண்டு மாடி ஏறிப்போய் பீர் முகமதுவின் முன்னால் நின்றார்.

"பாய், எல்லாம் அழிஞ்சு போச்சு. ஒண்ணுதான் இருக்கு."

பீர் முகமது டிரைவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலமெல்லாம் என்ஜினோடு கிடந்தவர். எது தானாகக் கெடும், எது யாராவது கெடுத்தால்தான் கெடும் என்பது அவருக்குத் தெரியாதா?

இப்போது சொல்லுங்கள். அல்போன்ஸ் சொன்னது பொய்தான். ஆனால் இந்தக் கதையில் முதல் பொய்யைச் சொன்னவர் யார்? அவர் அல்போன்ஸுக்கு என்ன பதில் சொல்லியிருப்பார்?

விடை: முதல் பொய் பீர் முகமதுவுடையது. நாற்பது படம் கொள்ளுகிற டிரைவைக் காட்டித்தான், ஒன்றுக்கு மேல் நிற்காது என்று சொல்லி எட்டு மாதம் படி இறங்கினார். பிள்ளைகள் தந்த பெட்டிகளுக்கு ஆள் வர வேண்டியதில்லை. இவர் பெட்டிக்கு ஆள் வந்தே ஆக வேண்டும். தன்னால் வர முடியாமல் போனபோது, சிநேகிதர் சத்தமில்லாத வீட்டில் கிடக்கக் கூடாது என்று, பொய் வெளிப்பட்டாலும் சரி என நாற்பதையும் ஏற்றி அனுப்பினார். அல்போன்ஸ் அந்தப் பொய்க்கு மறுபடி உயிர் கொடுத்துக் கையோடு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பீர் முகமது சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "நாந்தான் மொதல்லயே சொன்னேன்லா அண்ணாச்சி, ஒண்ணுக்கு மேல இதுல நிக்காதுன்னு. உக்காருங்க, மாத்தித் தாரேன்."