நிழலுக்கு ஒரு வார்த்தை

மேற்குப் பார்த்த மலைச்சரிவு ஒன்றில் மூன்று பேர் காப்பித் தோட்டம் வைத்திருந்தார்கள். ஓடைக்கரையை ஒட்டி, எல்லோருக்கும் கீழே, ஈட்டியப்பன் என்கிற முள்ளம்பன்றி. நடுவில் புள்ளியம்மா என்கிற சருகுமான். மேலே கஸ்தூரி என்கிற மரநாய். தோட்டம் என்றதும் பெரிசாக நினைத்துவிடாதீர்கள். ஆளுக்கு நாற்பது ஐம்பது செடி, அவ்வளவுதான். ஆனால் அதுதான் அவர்களுக்குச் சோறு.

காப்பிச் செடிக்குச் சாயங்கால வெயில் ஆகாது. மேற்குச் சரிவிலோ அந்த வெயில் நேராக முகத்தில் அடிக்கும். அந்த நேரத்தில் கீழே நிற்கிற மரத்தின் நிழல், மேலே இருக்கிற தோட்டத்தில்தான் போய் விழும். ஈட்டியப்பனின் நாவல் மரம் புள்ளியம்மாவின் செடிகளுக்கு நிழல் கொடுத்தது. புள்ளியம்மாவின் பலா மரம் கஸ்தூரியின் செடிகளுக்கு நிழல் கொடுத்தது. ஈட்டியப்பனுக்கு ஓடைக்கரைக் காடே நிழல். ஆக, தன் மரத்து நிழலில் பிழைத்தவர் அங்கே ஒருவரும் இல்லை. அதைப் பற்றி யாரும் பேசியதும் இல்லை.

காப்பி ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் நன்றாகக் காய்க்கும். காய்க்கிற வருஷம் கார்த்திகையில் இருவாச்சிப் பறவை அந்தப் பக்கம் வரும். பெரிய அலகு, பெரிய குரல். நாக்கு மட்டும் ரொம்பக் கறார். அது எந்தத் தோட்டத்துப் பழத்தைப் புகழ்கிறதோ, அந்தத் தோட்டத்துக்குக் காடே திரண்டு வரும். கிழங்கும் தேனும் கொடுத்துப் பழம் வாங்கிப் போகும்.

அந்த வருஷம் இருவாச்சி நாவல் மரத்தில் உட்கார்ந்துகொண்டு மூன்று தோட்டத்துப் பழத்தையும் தின்று பார்த்தது. புள்ளியம்மாவின் பழத்தை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டது.

"அடடா! இந்த இனிப்பு எப்படி வந்துச்சு, புள்ளியம்மா?"

"எல்லாம் என் பாடுதான்," என்றாள் புள்ளியம்மா. "ஒவ்வொரு நாத்தையும் வாயில கவ்விக் கொண்டுவந்து நட்டேன்."

அது பொய்யில்லை. அவள் பாடுபட்டவள்தான். ஆனால் மரத்தடியில் ஈட்டியப்பன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். பழம் மெதுவாகப் பழுத்தால்தான் இனிக்கும், நிழல் இருந்தால்தான் மெதுவாகப் பழுக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் மரத்து நாவல் பழமோ சரியான புளிப்பு. அவனைப் பற்றி நல்லவிதமாக யாரும் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை; இருவாச்சிக்கு அவன் பெயர்கூடத் தெரியாது. அவனுக்கும் ஆசை இருக்காதா?

அவன் மெல்ல மேலே ஏறி வந்தான்.

"தங்கச்சி, பழத்துல பங்கு கேட்கல. ஈட்டியப்பன் மரத்து நிழல்ல பழுத்ததுன்னு அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. போதும்."

புள்ளியம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பாராட்டு. அதிலும் பங்குக்கு ஆள் வந்து நிற்கிறதே!

"வெயில் சாஞ்சா நிழல் விழுது. அதுக்கெல்லாம் யாராச்சும் பேர் சொல்லுவாங்களா, அண்ணே?"

"ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்குற முத்து உதிர்ந்துடுமா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருவாச்சி பறந்துபோய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் ஈட்டியப்பன் தன் நாவல் மரத்தின் அடிப்பட்டையைச் சுற்றிலும் கடித்து உரித்துப் போட்டான். முள்ளம்பன்றிக்குப் பல் அப்படி. புள்ளியம்மா ஓடி வந்து கத்தினாள்.

"ஐயோ, என்ன காரியம் பண்ணறே!"

"என் மரம், என் பல். எனக்கு இதுல ஒரு நஷ்டமும் இல்ல. நீ இனிமே வெயில்ல பழுக்க வச்சுக்கோ."

பட்டை போன மரம் உடனே விழாது. நின்றுகொண்டே சாகும். மாசியில் இலை பழுத்தது. பங்குனியில் மரம் மொட்டை. காப்பியைப் பூக்க வைக்கிற பூமழை பெய்து புள்ளியம்மாவின் செடியெல்லாம் வெள்ளை வெளேரென்று பூத்தது. மூன்றே நாளில் அத்தனை பூவும் வெயிலில் கருகிப்போனது. அவள் செடி செடியாகப் போய் முகர்ந்து பார்த்து அழுதாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கஸ்தூரியிடம் போனாள்.

"அக்கா, உன் தோட்டத்துல ஒரு ஓரம் குடு. பத்து நாத்தாவது அங்க வச்சுக் காப்பாத்திக்கிறேன். அது என் பலா மரத்து நிழல்தானே."

கஸ்தூரி வாலை நக்கிக்கொண்டே சிரித்தாள்.

"உன் நிழலா? வெயில் சாஞ்சா நிழல் விழுது. அதுக்கெல்லாம் யாராச்சும் பேர் சொல்லுவாங்களா, புள்ளி?"

எங்கேயோ கேட்ட பேச்சாக இருந்தது. அவள் பேச்சேதான். அந்த இடத்திலேயே கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் அந்தச் சரிவே பிழைத்திருக்கும். யோசிக்கவில்லையே, பாவி. வயிறு எரிய எரிய நேராக ஈட்டியப்பனிடம் இறங்கிப் போனாள்.

"அண்ணே, என் பலா மரத்தையும் உரிச்சுடு."

ஈட்டியப்பனுக்கே தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு இதுல என்ன கிடைக்கும், தங்கச்சி?"

"எனக்கு இல்லாத நிழல் அவளுக்கு மட்டும் எதுக்கு?"

அந்தக் கோபம் அவனுக்கு நன்றாகப் புரிந்தது. அவனுடைய கோபமும் அதுதானே. அவன் போய்ப் பலா மரத்தையும் உரித்தான்.

அந்த வருஷ மழையைச் சரிவு எப்படியோ தாங்கிக்கொண்டது. அடுத்த கோடையில் வண்டு வந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட சின்ன வண்டு. காப்பித் தண்டில் அது முட்டையிட்டால், குஞ்சுப் புழு உள்ளே துளைத்துப் போய்ச் செடியையே கொன்றுவிடும். புள்ளியம்மா அதைக் குளம்பால் தள்ளினாள்.

"உன்னை யாரு இங்க கூப்பிட்டது?"

"நீங்கதாம்மா," என்றது வண்டு, ரொம்ப மரியாதையாக. "தண்டு குளிர்ச்சியா இருந்த வரைக்கும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேனா? இப்பதான் நல்லாச் சூடேத்தி வச்சிருக்கீங்க. என் பிள்ளைங்களுக்கு இதமா இருக்கும்."

புள்ளியம்மாவின் செடியும் கஸ்தூரியின் செடியும் ஒவ்வொன்றாக வாடி நின்றன. கஸ்தூரி ஒரு நாள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வேறு மலைக்குப் போய்விட்டாள்.

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. மேல் தோட்டத்தில் மண்ணை மூடிக்கொள்ளச் சருகு இல்லை. நடுத் தோட்டத்தில் மண்ணைப் பிடித்துக்கொள்ள உயிருள்ள வேர் இல்லை. நாலாம் நாள் பட்டப்பகலில் இரண்டு தோட்டத்து மண்ணும் ஒன்றாகச் சேர்ந்து கீழே இறங்கியது. பட்டுப்போன மரங்களைச் சாய்த்து, ஈட்டியப்பனின் காப்பிச் செடிகளை மூடியது. அவன் வளையையும் மூடியது. மழைக்குப் பயந்து அவன் உள்ளேதான் இருந்தான்.

பாறை மேல் ஏறித் தப்பிய புள்ளியம்மா, மழை விட்டதும் ஓடி வந்து சேற்றைத் தோண்டினாள். "அண்ணே! அண்ணே!" என்று கூப்பிட்டுக்கொண்டே தோண்டினாள். அவளுடைய குளம்பு எவ்வளவு பெரிசு? மூன்று நாள் தோண்டியதில் ஒரே ஒரு முள் கிடைத்தது. அதைக் கழுவி ஒரு கல் மேல் வைத்தாள்.

கார்த்திகையில் இருவாச்சி வந்தது. தோட்டங்களில் உட்கார மரம் தேடி இரண்டு சுற்றுச் சுற்றியது. கிடைக்காமல் தரையில் இறங்கியது.

"புள்ளியம்மா, அந்தப் பழம் எங்கே? அதை நினைச்சுக்கிட்டே இவ்வளவு தூரம் வந்தேன்."

புள்ளியம்மா வாயைத் திறந்தாள். இரண்டு வருஷமாக வராத வார்த்தை இப்போது தானாக வந்தது.

"அது ஈட்டியப்பன் மரத்து நிழல்ல பழுத்தது."

"ஈட்டியப்பனா? அது யாரு?"

அவள் கல் மேல் இருந்த முள்ளைக் காட்டினாள். இருவாச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வேறு மரம் தேட வேண்டும் என்று கிளம்பிப் போய்விட்டது.

அடுத்தவர் நிழலில் பிழைக்கிறவர், அவர் பெயரை அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டிய நாளிலேயே சொல்லிவிட வேண்டும்; பிறகு எத்தனை முறை சொன்னாலும் கேட்க அவர் இருக்கமாட்டார்.