தூக்கம் வாங்கப் போன பூவாத்தாள்

முன்னொரு காலத்திலே, மலைகள்கூட வளர்ந்துகொண்டிருந்த காலத்திலே, வெண்கோடு என்றொரு நாடு இருந்தது. ஒருநாள் அந்த நாட்டில் எல்லாருக்கும் தூக்கம் போய்விட்டது. ராஜா கொட்டாவி விட்டார், மந்திரி கொட்டாவி விட்டார். கண் மட்டும் மூடவில்லை. மலையுச்சி மந்திரவாதி ஊரார் தூக்கத்தையெல்லாம் மூடுபனியாக்கி இழுத்துக்கொண்டு போயிருந்தான்.

பெரியவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். குழந்தை பொறுக்குமா? உப்பு விற்கும் பூவாத்தாளின் ஒரு வயதுப் பிள்ளை அழுது அழுது துவண்டுபோனான்.

"நான் போய்த் தூக்கத்தை வாங்கிட்டு வரேன்," என்றாள் பூவாத்தாள்.

"தனியாவா?" என்றான் கணவன் சடையன்.

"இவனைத் தோள்ல போட்டுக்க ஆள் வேணுமே. நீங்க இருங்க."

ஒரு கம்பும் கொஞ்சம் அவலும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நடந்தாள், நடந்தாள், நாடு முடிந்து காடு வரும்வரை நடந்தாள்.

முதல்நாள் பேய்க்காற்று. வளைவு திரும்பினால் பாதையில் ஒற்றை யானை! பூவாத்தாள் ஓடவில்லை. பாறையோரம் ஒதுங்கி மூச்சடக்கி நின்றாள்.

"எங்கே போறே, தாயி?" என்றது யானை.

"தூக்கம் வாங்கப் போறேன், ஐயா."

"எனக்கும் சேர்த்து வாங்கிட்டு வா. நின்னு நின்னு கால் மரத்துப்போச்சு." யானை வழிவிட்டது. நடந்தாள், நடந்தாள்.

இரண்டாம் நாள் ஆலங்கட்டி மழை. நெல்லிக்காய் நெல்லிக்காயாக விழுந்தது. குகைக்குள் ஓடினால் உள்ளே கரடி!

"நீ அந்த மூலை, நான் இந்த மூலை," என்று உறுமியது கரடி. "தூக்கமில்லாம எனக்குக் கோபம் கோபமா வருது."

"எனக்கும்தான்!" என்றாள் பூவாத்தாள். மழை விடும்வரை இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் மூடுபனி. நீட்டிய கை தெரியவில்லை. பனிக்குள் யார் யாரோ விட்ட குறட்டை மெல்லக் கேட்டது. யாருடையவோ கனவுகள், ஒரு பட்டம், ஒரு மாம்பழம், சிரிக்கும் ஒரு மீன், அவள் கன்னத்தை உரசிக்கொண்டு மிதந்தன. கண் சொருகியது. உட்கார்ந்தால் எழ முடியாது. கம்பால் தட்டித் தட்டி நடந்தாள், நடந்தாள்.

உச்சியில் மந்திரவாதி இருந்தான். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன.

"ஊர்த் தூக்கத்தையெல்லாம் குடிச்சுப் பார்த்துட்டேன். எனக்கு மட்டும் வரல!" என்று கத்தினான்.

"ஏன் வரல?"

"கண்ணை மூடினா எவனாவது கொன்னுடுவான். நூறு வருஷமா முழிச்சிருக்கேன்."

பூவாத்தாளுக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனால் இடி இடித்தபோது அவன் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டதைப் பார்த்துவிட்டாள்.

"படுங்க. நான் காவல் இருக்கேன்."

"சத்தியமா?"

"என் பிள்ளைமேல சத்தியம்."

அவன் படுத்தான். பக்கத்திலேயே பாதாளம். காலால் ஒரு தள்ளு போதும். ஒரே ஒரு தடவை அதை எட்டிப் பார்த்தாள். பிறகு அவனுக்கும் காற்றுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

மந்திரவாதி முதல் குறட்டை விட்டான். மந்திரம் உடைந்தது! மூடுபனி அவிழ்ந்து, பால் பொங்கி வழிவதுபோல மலையிறங்கி ஓடியது. கீழே எங்கோ யானை ஒன்று மரத்தில் சாய்ந்தது. பூவாத்தாள் மட்டும் தன் கையைக் கிள்ளிக் கிள்ளி விழித்திருந்தாள்.

மூன்று நாள் கழித்து எழுந்தவனின் கண்கள் தெளிந்திருந்தன. அவளைக் கும்பிட்டான். ஒரு மேகத்தைக் கூப்பிட்டு அவளை ஏற்றி அனுப்பினான்.

வீட்டுக் கதவைத் தட்டினாள். சடையன் உதட்டில் விரல் வைத்துக்கொண்டே திறந்தான்.

"மெதுவா வா. இப்பதான் தூங்கினான்."

அவளும் பக்கத்தில் சாய்ந்தாள். அவள் தானாக எழும்வரை அந்தத் தெருவில் முரசு கொட்டக்கூடாது, சேவல் கூவக்கூடாது என்று ராஜா உத்தரவு போட்டார். சேவல்களும் கேட்டுக்கொண்டன.