பெயர் சொல்லும் மாலை

"பேரு எனக்குத் தெரியும், மதர். நீங்க சரின்னு தலையாட்டினாப் போதும்."

படகிலிருந்து இறங்கிய கால் ஈரம் காயும் முன்பே செலஸ்தீனா இதைச் சொல்லிவிட்டாள்.

அமலோற்பவம் கூரைக்கு ஓலை முடைந்துகொண்டிருந்தாள். கன்னியர் மடத்தை விட்டு இந்த மணல் தீவுக்குத் தனியாக வந்து சேர்ந்தவள். வயதில் செலஸ்தீனாவுக்குத் தங்கை மாதிரி. ஆனாலும் எதிர்க்கரை ஊருக்கு அவள் மதர்தான். வாயை மூடிக்கொண்டு கடவுள் முன்னால் உட்காரச் செலஸ்தீனா பழகியது இவளிடம்தான்.

இன்று வாயை மூட முடியவில்லை.

தீவைச் சுற்றிப் பனி இறங்கியிருந்தது. எதுவரை தண்ணீர், எங்கிருந்து வானம் என்று சொல்ல முடியாத சாயங்காலம்.

ஊரில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் லேசாக உடம்பு சுடும். அப்புறம் தூக்கம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உதட்டோரம் சிரிப்பார்கள், கண்ணைத் திறக்க மாட்டார்கள். டவுனிலிருந்து வந்த டாக்டர் எல்லாப் பிள்ளைகளின் நாடியையும் பிடித்துப் பார்த்துவிட்டு, பார்ப்போம் என்று மட்டும் சொல்லிப் போனார்.

செலஸ்தீனாவின் மகள் பிரகாசியும் அப்படித்தான் கிடந்தாள். மகள் விழிக்கவில்லை. தாய் தூங்கவில்லை.

காரணம் பிடிபடாத கேடு வந்தால் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாலை மணி அடிக்கும்போது, நோயில் கிடக்கும் பிள்ளையின் தாய் கோயில் படியில் நின்று, இவர்தான் காரணம் என்று ஒரு பெயரைச் சொல்வாள். தாய் சொன்ன பெயருக்கு மறுபேச்சு இல்லை. அந்த வீட்டுக்கு யாரும் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள், நெருப்பு கொடுக்க மாட்டார்கள். விடிவதற்குள் அந்த வீட்டார் ஊரை விட்டுப் படகேறிவிட வேண்டும்.

இன்றைக்குப் படியேற வேண்டியவள் செலஸ்தீனா.

"யாரு?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

"லைட்டவுஸ்காரர்."

கலங்கரை விளக்கத்துக்குப் புதிதாக வந்த சேசடிமையைத்தான் சொன்னாள். மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தவர். அவர் வந்த பிறகுதான் விளக்கின் கண்ணாடி மாறியது. வெளிச்சத்தில் ஒரு நீலம் ஏறியது. நண்டு குறைந்தது. சேவல்கள் மத்தியானத்தில் கூவின. ஏன் கண்ணாடியை மாற்றினீர் என்று கேட்டதற்கு, பழசு உடைந்துவிட்டது என்றார். யாரோ சொல்லிக்கொடுத்த பதில் என்றது ஊர். அதன்பின் அவர் பேச்சைக் குறைத்தார். பார், வாயைத் திறக்கிறானா என்றது ஊர். கடைசியில் அவருடைய குழந்தையும் தூங்கத் தொடங்கியது. நம் கண்ணில் மண்ணைத் தூவத்தான் என்றது ஊர்.

எல்லாவற்றையும் செலஸ்தீனா ஒரே மூச்சில் கொட்டினாள்.

"அவர் இல்ல," என்றாள் அமலோற்பவம்.

"பின்னே?"

"நான்."

ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னாள்.

செலஸ்தீனா சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"பெரிய வெள்ளிக்கிழமைக்குப் பிள்ளைங்களுக்குக் கஞ்சி காய்ச்சி அனுப்பினீங்க…"

"ஆமா."

"பிரகாசி நெத்தியில எண்ணெய் தடவினீங்க. அவ பேரைத் திரும்பத் திரும்பக் கேட்டீங்க."

"ஆமா."

"அதான் ஊருக்குள்ள வராம இங்கயே இருக்கீங்க."

"ஆமா."

செலஸ்தீனா ஓரடி பின்வாங்கினாள். அதே சமயம், இத்தனை நாளாக நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று மெல்ல அவிழ்ந்தது. தோள்கள் தாமாக இறங்கின. மூச்சு அடிவயிறு வரைக்கும் போய்த் திரும்பியது.

ஏன் செய்தீர்கள் என்று கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மணலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சாய்ந்தாள். சாய்ந்த இடம் யாருடைய மடி என்று பார்க்கும் முன்னே கண் சொருகிவிட்டது.

கனவில் கடலுக்கு ஒரு முகம் இருந்தது. கோபமான முகம்தான். ஆனாலும் முகம். அவள் அதைத் திட்டினாள். அது கேட்டுக்கொண்டது.

விழித்தபோது பனி இன்னும் கெட்டியாகியிருந்தது. தலைமுடியை ஒரு கை கோதிக்கொண்டிருந்தது.

"தூங்கினியா?"

"தூங்கிட்டேன், மதர்."

"பிள்ளைக்கு விஷம் வச்சவ மடியிலயா?"

செலஸ்தீனா துள்ளி எழுந்தாள். அமலோற்பவத்தின் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஓலை கீறிய விரல்கள். வெயிலில் உரிந்த மூக்கு. எப்போதும் பார்க்கிற அதே முகம்.

"நீங்க செய்யல."

"இல்ல."

"ஆனா எல்லாம் பொருந்துச்சே."

"லைட்டவுஸ்காரருக்குப் பொருத்திப் பார்க்க ஊருக்கு எவ்வளவு நாள் ஆச்சு?"

"ஒரு வாரம் இருக்கும்."

"எனக்கு?"

மூன்று ஆமாவுக்குள் பொருத்திவிட்டது செலஸ்தீனாவுக்கு உறைத்தது. அவிழ்ந்தது மறுபடி நெஞ்சுக்குள் வந்து இறுகியது. முன்னைவிட இறுக்கமாக.

"அப்போ யாரு, மதர்?"

அமலோற்பவம் தண்ணீரும் வானமும் ஒன்றாகிக் கிடந்த வெள்ளையைப் பார்த்தாள்.

"தெரியாது," என்றாள்.

பிறகு ஓலையை எடுத்து, விட்ட இடத்திலிருந்து முடையத் தொடங்கினாள்.

தீவின் கரையில் பெர்பெத்து முழங்கால் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செலஸ்தீனாவின் கணவனுக்கு அக்கா. சேசடிமையின் பெயரை ஊரில் முதலில் சொன்னவளே அவள்தான். பிள்ளை பெறாதவளிடம் போய்ப் பிள்ளை விஷயம் கேட்கிறாயா என்று வரும் வழியெல்லாம் குத்திக்கொண்டே துடுப்பு போட்டவள்.

"என்ன, ஒங்க மதர் தலையாட்டியாச்சா? இல்ல, செபமாலைய உருட்டுன்னு அனுப்பிட்டாளா? ஏறுட்டி, மணி அடிக்கப் போவுது."

செலஸ்தீனா ஏறி உட்கார்ந்தாள். தீவு பனிக்குள் போய் மறைந்தது.

"நான் பேரு சொல்லப் போறதில்ல, மதினி."

"பின்ன படியில நின்னு என்னத்தச் சொல்லுவ?"

"எம்பிள்ள முழிக்க மாட்டேங்குது, ஏன்னு தெரியல, எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லுவேன்."

துடுப்பு பாதியில் நின்றது. இப்போது திட்டப் போகிறாள் என்று செலஸ்தீனா தலையைக் குனிந்துகொண்டாள். படகு தன்போக்கில் மெல்லச் சுற்றியது. துடுப்பு முனையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என் சின்னவனும் காலையிலருந்து எந்திரிக்கல, ஏட்டி," என்றாள் பெர்பெத்து. "நான் யாருகிட்டயும் சொல்லல."