சருகுமானின் பதினேழு இஞ்ச் லேப்டாப்

தும்பை என்ற சருகுமானுக்கு மலை உச்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சருகுமானைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். கொம்பு கிடையாது. சத்தமில்லாமல் நடப்பதும், தூரத்துச் சத்தத்தைக் காதால் பிடிப்பதும்தான் அதன் சொத்து. அந்த இரண்டையும் வைத்துத்தான் புலியும் பாம்பும் இருக்கும் காட்டில் அது பிழைத்துக் கிடக்கிறது.

தும்பை எடுத்த படிப்பு ஓடைக் கணக்கு. காலையிலும் மாலையிலும் ஓடையில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துப் பதிய வேண்டும். மழைக்காலம் முழுக்க விடாமல் பதிந்தால், வெள்ளம் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அந்தப் படிப்பைத் தும்பை விளையாட்டுக்கு எடுக்கவில்லை. போன ஐப்பசியில் வந்த வெள்ளம் தாழ்வான கரையில் இருந்த மரப்பொந்துகளை எல்லாம் அடித்துக்கொண்டு போனது. அதில் தும்பையின் அக்கா குன்றியின் குட்டி ஒன்றும் போயிற்று. குன்றிக்கு இன்னும் இரண்டு குட்டிகள் இருந்தன. அவற்றையாவது காப்பாற்ற வேண்டும் என்பதுதான் தும்பையின் ஆசை. வேறு ஆசை எதுவும் அதற்குக் கிடையாது.

கல்லூரியில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு லேப்டாப் தருவார்கள். பாறை மேல் பரப்பி வைத்திருப்பார்கள், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். கொடுப்பவர் ஒரு தேவாங்கு. அதிகம் பேசாதவர். எடுத்தவர்களிடம் எல்லாம் அவர் ஒன்றுதான் சொல்வார்: "எடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டேன். பார்த்து எடுங்க."

தும்பை முதலில் கை வைத்தது ஓரத்தில் இருந்த சின்ன லேப்டாப்பின் மேல். மெலிசானது. மூச்சுச் சத்தம்கூட இல்லாதது. காலையில் சார்ஜ் போட்டால் பொழுது சாயும்வரை தாங்கும். எண்ணைப் பதியவும் கூட்டிக் கழிக்கவும் அது தாராளமாகப் போதும்.

மேலே கிளையில் வாலன் என்ற கருமந்தி உட்கார்ந்திருந்தது. லேப்டாப் என்றால் தனக்குத்தான் தெரியும் என்று நினைப்பு. அது கீழே பார்த்துச் சொன்னது: "அதுதான் உனக்குச் சரி, பாப்பா. குட்டிக்குக் குட்டி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஆனாலும் தும்பைக்குச் சுருக்கென்றது. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது அந்த ஒரே வார்த்தையைத்தான். கல்லூரிக்கு வந்தும் அதே பேச்சா என்று அதற்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் புத்தி பின்னால்தான் நிற்கும்.

"எனக்கு அது வேணும்" என்று நடுவில் இருந்ததைக் காட்டியது.

பதினேழு இஞ்ச் திரை. ரேம் ஏராளம். தனி கிராபிக்ஸ் கார்டு. உள்ளே இரண்டு விசிறிகள். கீபோர்டில் கலர் கலராக விளக்கு. தும்பை அதன் பக்கத்தில் நின்றபோது, லேப்டாப்பை வாங்க சருகுமான் வந்ததா, சருகுமானை வாங்க லேப்டாப் வந்ததா என்று சொல்ல முடியவில்லை.

தேவாங்கு கண்ணை உருட்டினார். "இவ்வளவு பெரிசு எதுக்கும்மா?"

"எதுக்கும் இருக்கட்டும்."

வாலன் உடனே கட்சி மாறியது. இதுதான் லேப்டாப், இனி வரப்போகும் விளையாட்டைக்கூட இதில் ஆடலாம் என்று புகழ்ந்து தள்ளியது. தும்பைக்கு ஒரு விளையாட்டும் தெரியாது. ஆனாலும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டது. கொடியால் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கியபோது நாலு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதை அது யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த சங்கடம். தும்பை குடியிருந்தது விழுந்து கிடந்த மரத்தின் பொந்து. லேப்டாப் உள்ளே போனால் தும்பை வெளியே. தும்பை உள்ளே போனால் லேப்டாப் வெளியே. மழைக்குப் பயந்து லேப்டாப்பை உள்ளே வைத்துவிட்டு, தும்பை தேக்கிலையைப் போர்த்திக்கொண்டு வெளியே படுத்தது. "இதுக்குப் பேர்தான் படிப்பா?" என்று குன்றி கேட்டாள். தும்பை தும்மிக்கொண்டே ஆமாம் என்றது.

அதையும் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது பேட்டரி. கரண்ட் இருந்தது மலை மேலே கல்லூரியில் மட்டும்தான். அங்கே முழுக்க ஏற்றிக்கொண்டு கீழே வந்தால், காலைக் கணக்கைப் பதிந்து முடிப்பதற்குள் பாதி தீர்ந்துவிடும். மாலையில் திறந்தால் திரை கறுத்துக் கிடக்கும். அந்தச் சுமையோடு திரும்பவும் மலை ஏற யாரால் முடியும்? தும்பை ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. காலைக் கணக்கை ஒழுங்காகப் பதியும். மாலைக் கணக்கை மறுநாள் ஞாபகத்திலிருந்து, ஏறக்குறைய, குத்துமதிப்பாகப் போட்டுவிடும். முதல் தடவை மனசு உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. தப்புக்கு அதுதானே வழக்கம்.

கல்லூரியில் இன்னொருவருக்கும் லேப்டாப்போடு மல்லுக்கட்டு. கருப்பட்டி என்ற காட்டெருமை. ஓடைக்கு மேல் பாலம் கட்டுவதற்குப் படம் வரையும் படிப்பு அதற்கு. அதன் முன்னால் இருந்ததோ, தும்பை முதலில் கை வைத்த அதே உள்ளங்கை அகல லேப்டாப். மூக்கால் ஒரு தட்டுத் தட்டினால் நாலு எழுத்து விழும். பாலத்தின் ஒரு தூணை வரைந்து முடிப்பதற்குள் படம் அப்படியே உறைந்து நிற்கும். கருப்பட்டி பெருமூச்சு விடும். அந்தக் காற்றில் முன் வரிசை இலையெல்லாம் பறக்கும். தும்பை அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. தன்னைப் பார்த்துப் பரிதாபப்பட அதற்கு நேரம் வரவில்லை.

ஆடி பிறந்தது. ஒரு நாள் சாயங்காலம் வானம் இருண்டுகொண்டு வந்தது. தும்பை அன்று லேப்டாப்பைக் காலையில் திறக்காமலே வைத்திருந்தது. மாலைக் கணக்கை ஒரு தடவையாவது உண்மையாகப் பதிய வேண்டும் என்று எண்ணம். ஓடைக்கரைப் பாறையில் வைத்துத் திறந்தது. விசிறிகள் இரண்டும் உய்ய்ய் என்று கிளம்பின. பக்கத்து மரத்தில் இருந்த குருவிகள் பறந்து போயின. அடியில் சூடு ஏறியது.

அந்த இரைச்சலில் சருகு அசைந்தது தும்பையின் காதில் விழவில்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் விழுந்திருக்கும்.

சருகுக்குள்ளிருந்து மலைப்பாம்பு பாய்ந்தது. மலைப்பாம்பு கண்ணைவிடச் சூட்டை நம்பும் பிராணி. அந்தப் பாறையில் மிகவும் சூடாக இருந்தது தும்பை அல்ல. கண் இமைப்பதற்குள் பாம்பு லேப்டாப்பைச் சுற்றி வளைத்து இறுக்கியது. தும்பை ஒரே தாவலில் புதருக்குள் விழுந்தது. 

கொஞ்சம் கழித்துத் தும்பை புதருக்குள்ளிருந்தே குரல் கொடுத்தது. "ஐயா, அது திங்கிற சாமான் இல்லைங்க."

"தெரிஞ்சுபோச்சு" என்றது பாம்பு நிதானமாக. "ஆனா வெதுவெதுன்னு சுகமா இருக்கு. மழை வேற வருது. இருக்கட்டும்."

அது கண்ணை மூடிக்கொண்டது. தும்பை புதருக்குள் குந்தியிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஓடைத் தண்ணீர் பாறையின் கீழ்வரை வந்து, மெல்ல மேலே ஏறியது. பாம்பு நகரவில்லை. கடைசியில் விசிறிகள் முனகி நின்றன. பேட்டரி தீர்ந்துவிட்டது. சூடு ஆறியதும் பாம்பு சலித்துக்கொண்டு சுற்றை அவிழ்த்தது. "இதுவும் இவ்வளவுதானா" என்று சொல்லிவிட்டு நகர்ந்து போனது. பாம்பின் சுற்று மூடியிருந்ததால் லேப்டாப் நனையவில்லை. பேட்டரி மட்டமாக இருந்ததால் அது திரும்பவும் கிடைத்தது. அந்த ஒரு நன்மையாவது அதில் இருந்ததே.

தும்பை லேப்டாப்பை மேட்டில் ஒரு பாறை இடுக்குக்குள் இழுத்துப் போட்டுவிட்டு அக்காவின் பொந்துக்கு ஓடியது. குன்றி வாசலில் நின்றிருந்தாள். கால் நனைந்திருந்தது. இரண்டு குட்டிகளும் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

"தண்ணி ஏறுது" என்றாள் குன்றி. "நீதானே படிக்கிறே. சொல்லு தங்கச்சி. வெள்ளம் வருமா, வராதா?"

 வழக்கமாக மாலையில் தண்ணீர் எவ்வளவு ஏறும், எதற்கு மேல் ஏறினால் ஆபத்து என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். மாலைக் கணக்கு எல்லாம் குத்துமதிப்பு. அதை நம்பி இரண்டு உயிருக்கு உத்தரவாதம் கொடுக்க முடியுமா?

"தெரியலை, அக்கா."

குன்றி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கொட்டும் மழையில் மேடேறினாள். சின்னக்குட்டி வழுக்கி விழுந்து காலைச் சிராய்த்துக்கொண்டது. மறுநாள் காலையில் பார்த்தால், தண்ணீர் பொந்தின் வாசலைத் தொட்டுவிட்டுத் தானாகவே இறங்கியிருந்தது. வந்தது வெள்ளமே இல்லை. குன்றி திட்டியிருந்தால்கூடத் தும்பைக்கு ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை. குட்டியின் காலை நக்கிக்கொண்டிருந்தாள். தும்பைக்கு வெட்கமாக இருந்தது. பாம்பு விழுங்கியிருந்தால் தேவலை என்றுகூட நினைத்தது.

அன்றே அது மலை ஏறிப் போய்க் கருப்பட்டியின் முன்னால் நின்றது.

"அண்ணே, உங்க லேப்டாப்பை எனக்குக் குடுத்துட்டு என்னோடதை எடுத்துக்குறீங்களா?"

கருப்பட்டி தலையைத் தொங்கப் போட்டது. "எடுத்துக்க ஆசைதான். ஆனா நான் சின்னதா எடுத்ததுக்குக் காரணம் இருக்கு. நான் எங்க போனாலும் இடத்தை அடைச்சுக்கறேன்னு சொல்றாங்க. பெரிசையும் தூக்கிட்டு வந்தா இன்னும் சொல்வாங்களேன்னு பயந்துட்டேன்."

தும்பை அப்படியே உட்கார்ந்துவிட்டது. இத்தனை பெரிய உடம்புக்குள்ளும் தன் மனசே இருக்கும் என்று அது நினைக்கவில்லை.

"என்னைச் சின்னதுன்னு சொன்னாங்கன்னு நான் பெரிசை எடுத்தேன், அண்ணே" என்றது. "சொன்னவங்க யாரும் சுமக்க வரலை."

இருவரும் தேவாங்கிடம் போய் விஷயத்தைச் சொன்னார்கள். தான் திருப்பி வாங்க மாட்டேன் என்றுதான் சொன்னதாகவும், அவர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டால் தனக்கு என்ன வந்தது என்றும் அவர் சொல்லிவிட்டார். தும்பை தன் காலைக் கணக்கை மட்டும் புது லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டது. குத்துமதிப்பாகப் போட்டவற்றை ஒவ்வொன்றாக அழித்தது. அழிக்க அழிக்க எவ்வளவு பொய் என்று தெரிந்தது.

பதினேழு இஞ்ச் லேப்டாப் கருப்பட்டியின் முன்னால் அளவாகப் பொருந்தியது. அதன் மூக்குக்கு ஏற்ற கீபோர்டு. பாலத்தின் எல்லாத் தூணும் ஒரே திரையில் நின்றன. கல்லூரியிலேயே கரண்ட் பக்கத்தில் உட்கார்ந்து வரைகிற வேலை என்பதால் பேட்டரியைப் பற்றிக் கவலை இல்லை. விசிறி எவ்வளவு இரைந்தால்தான் என்ன? காட்டெருமையிடம் வாலாட்ட எந்தப் பாம்புக்குத் தைரியம் வரும்? இப்போது வாலன், அப்படி மாற்றிக்கொள்ளச் சொன்னதே தான்தான் என்று கிளைக்குக் கிளை சொல்லிக்கொண்டு திரிந்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை. மந்தியோடு வாதாடி ஜெயித்தவர் யார்?

தும்பை சின்ன லேப்டாப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காலையும் மாலையும் ஓடைக்குப் போனது. திறந்தால் சத்தமில்லை. காது தன் வேலையைப் பார்த்தது. கண் ஓடையைப் பார்த்தது. ஆவணி, புரட்டாசி என்று ஒரு வேளை விடாமல் உண்மைக் கணக்கு சேர்ந்தது.

ஐப்பசி மழை வந்தது. மாலையில் தண்ணீர் ஏறியபோது குன்றி பொந்து வாசலில் நின்று தங்கையின் முகத்தைப் பார்த்தாள். போன தடவை கேட்டதை இந்தத் தடவை அவள் வாய் விட்டுக் கேட்கவில்லை.

தும்பை கணக்கைப் பார்த்தது. ஒரு முறை பார்த்து, சரிதானா என்று மறுபடியும் பார்த்தது.

"வரும் அக்கா. ஆனா இன்னிக்கு இல்லை. பிள்ளைங்க நல்லாத் தூங்கட்டும். காலையில வயிறாரத் தின்னுட்டு மேட்டுக்குப் போலாம்."

அப்படியே செய்தார்கள். மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்பே தாழ்கரையில் இருந்த எல்லாரும் குட்டிகளோடு மேட்டுக்கு வந்துவிட்டார்கள். மத்தியானம் வெள்ளம் வந்தது. மேட்டில் நின்று பார்த்தார்கள். அது அடித்துக்கொண்டு போனதெல்லாம் வெறும் பொந்துகள்.

பிறர் வாய்க்குப் பயந்து எடுத்த பொருள் பாரமாகும். தன் வேலைக்கும் தன் தோளுக்கும் அளந்து எடுத்ததே துணையாகும்.