மிதக்காத நாய்

ஒரு ஊர்ல ஒரு நீச்சல்காரி இருந்தா. "ம்" சொல்லணும். நீ நிறுத்தினா கதையும் நின்னுடும்.

ம்.

அவ பேரு சலேத்துமேரி. கடலோர ஊரு. வாசலைப் பெருக்கிட்டுத் திரும்பிப் பாத்தா மறுபடி மணலு கிடக்கும், அவ்வளவு ஓரம். சலேத்து காலைல எந்திரிச்சதும் கலங்கரை விளக்கம் வரைக்கும் மணல்லயே ஓடுவா. தப் தப் தப் தப். அப்புறம் திரும்பி வந்து கடல்ல பாய்வா. தொபுக்கடீர். எட்டத்துல ஒரு ஆமைப்பாறை இருக்கும், அதைத் தொட்டுட்டுக் கரைக்கு வருவா. கூடத் துணைக்கு அவ அண்ணன் இருந்தான். அப்புறம் அவனுக்குக் கப்பல்ல வேலை கிடைச்சுப் போயிட்டான்.

அப்போ அவ அம்மா பிரகாசி ஒரு சட்டம் போட்டா. துணை இல்லாம கடல்ல இறங்கக் கூடாது. கோயில் கொடியேத்தத்துக்குள்ள ஒரு துணையைத் தேடிக்கணும், இல்லேன்னா காலைல தையல் கிளாஸுக்குப் போகணும். சலேத்துக்கு ஊசில நூல் கோக்கவே வராது. கடல் இல்லாத காலை எப்படி இருக்கும்னும் அவளுக்குத் தெரியாது. ஊர்ல இருந்த பிள்ளைங்களை எல்லாம் கேட்டுப் பாத்தா. அஞ்சு மணிக்கு எந்திரிச்சு அஞ்சு மைல் ஓட யாரு வருவா? ஒரு நாய் வளத்தா என்னன்னு கேட்டா. நாயும் துணைதான், சரின்னுட்டா பிரகாசி.

ம்.

இங்கதான் ஒரு தப்பு நடந்துச்சு. அந்த ஊர்க்காரங்க கட்டுமரத்துக்கு மரம் வாங்கினா என்ன செய்வாங்க தெரியுமா? தண்ணில தள்ளி மிதக்குதான்னு பாப்பாங்க. மிதந்தா நல்ல மரம், முங்கினா அடுப்புக்கு. அந்தப் பழக்கத்துல சலேத்து நாயையும் தண்ணில விட்டுத்தான் பாத்தா.

முதல்ல வந்தது ஹஸ்கி. ஊர் மாறிப் போன பல் டாக்டர் ஒருத்தர் குடுத்தது. நீலக் கண்ணு, மெத்தை மாதிரி சடை. தண்ணில விட்டா நல்லா மிதந்துச்சு. சரின்னு மறுநாள் ஓடக் கூட்டிட்டுப் போனா. பனி கொட்டுற ஊரு நாய் இல்லையா, வெயில் கொஞ்சம் ஏறினதும் ஹஃ ஹஃ ஹஃன்னு நாக்கைத் தொங்கப் போட்டுடுச்சு. சடை முழுக்க மணலு. அப்புறம் மீன் ஏலக்கூடத்துல ஐஸ் உடைச்சுக் குவிச்சிருந்ததைப் பாத்துச்சு. ஏறிப் படுத்துச்சு. இறக்கி விட்டாங்க, மறுபடி ஏறிச்சு. மூணு தடவை இறக்கிப் பாத்துட்டு, ஐஸ் கம்பெனி வாச்மேன் அதைத் தன்கூடவே வச்சுக்கிட்டாரு. இப்பவும் அங்கதான் இருக்குதாம். சந்தோஷமா.

ம்.

அப்புறம் லேப்ரடார். கரும்பு ஆலைக்காரர் வீட்டுக் குட்டி, வளந்து தடியா நின்னுச்சு. ஓடச் சொன்னா ஓடுச்சு. தண்ணியப் பாத்ததும் சலேத்துக்கு முன்னாடி அதுதான் குதிச்சுது, சளக். மிதக்குறதுல கட்டுமரம் தோத்துடும். ஆனா சலேத்து பத்து கை போட்டதும், ஐயோ பாவம் முங்கப் போறான்னு நினைச்சுக்கிச்சு போல. சட்டையக் கவ்வி, கரைக்கு இழுத்துட்டு வந்துடுச்சு. மறுபடி போனா, மறுபடி இழுத்துச்சு. மூணாவது தடவை சட்டை டர்ருன்னு கிழிஞ்சுது. அதைத் தைக்கிறதுக்காவது தையல் கிளாஸுக்குப் போகலாம்னு பிரகாசி சொன்னா. அன்னைக்குச் சாயங்காலம் அது பிரகாசி காயப்போட்ட நெத்திலியை ஒரு பாய் நிறையத் தின்னு முடிச்சுது. அதோட அதுவும் போச்சு. ஒரு வலைக்காரர் கூட்டிட்டுப் போனாரு, தண்ணில விழுந்த மிதவையை எல்லாம் எடுத்துக் குடுக்கட்டும்னு.

தூங்கிட்டியா?

இல்ல.

கொடியேத்தத்துக்கு ரெண்டு நாள்தான் இருந்துச்சு. அப்போ கோவில்பட்டிப் பக்கத்துல இருந்து அவ சித்தப்பா திருவிழாவுக்கு வந்தாரு. கூட, சலேத்துக்குன்னு ஒரு சிப்பிப்பாறை நாய். முயலை விரட்டுற சாதி. நீளக் காலு, ஒட்டுன வயிறு, சடையே கிடையாது. காட்டு மேட்டுல வளந்தது, கடலையே கண்டதில்ல. சலேத்து அதைத் தண்ணிகிட்டக் கூட்டிட்டுப் போனா. அலை வந்துச்சு, ஸ்ஸ்ஸ். நாய் ஒரே தாவுல பின்னால போயிடுச்சு. வால் நுனியில ஒரு சொட்டு விழுந்துச்சு, அதை உதறி உதறிப் பாத்துச்சு.

பிரகாசி சிரிச்சா. "ஏட்டி, இது முங்கவும் செய்யாது, மிதக்கவும் செய்யாது. தண்ணியத் தொட்டாத்தானே."

கொடிக்கு முந்தின நாள் ஆச்சு. கடைசியா ஒரு தடவை போயிட்டு வந்துடுறேன்னு சலேத்து அன்னைக்குக் காலைல கிளம்பினா. நாயும் பின்னாலயே வந்துச்சு. கலங்கரை விளக்கம் வரைக்கும் ஓடுச்சு, திரும்பி ஓடுச்சு, மூச்சு கூட வாங்கல. மணலு ஒரு பொட்டு ஒட்டல. அப்புறம் சலேத்து செருப்பைக் கழட்டி வச்சுட்டுக் கடல்ல பாய்ஞ்சா. நாய் செருப்பு பக்கத்துல உக்காந்துக்கிச்சு.

ம்.

பாறையைத் தொட்டுட்டுத் திரும்பும்போது தூத்தல் பிடிச்சுது. வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். தலையைத் தூக்கிப் பாத்தா கரையைக் காணோம். நீரோட்டம் வேற அவளைத் தெக்கே இழுக்குது. எந்தப் பக்கம் நீந்துறதுன்னு தெரியல. கை ஓய ஆரம்பிச்சுது.

கரைல பிரகாசி வந்து பாத்தா. செருப்பு இருக்கு, நாயைக் காணோம். நாயும் ஓடிடுச்சா, என் பிள்ளை எங்கன்னு அங்கயும் இங்கயும் தேடினா. அப்போ ஈர மணல்ல நாய்க் காலடி தெரிஞ்சுது. தெக்கப் பாத்து, அலையை ஒட்டியே போயிருந்துச்சு. பிரகாசி சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு அது பின்னாடியே ஓடினா. தூரத்துல சத்தம். வவ் வவ். வவ் வவ்.

முயலை எட்டத்துலயே கண்டுபிடிக்கிற கண்ணு அதுக்கு. கடல் இழுக்க இழுக்க, நாய் கண்ணை எடுக்காம அவளோட சேந்தே கரைல ஓடியிருக்கு. அவளைப் பாத்துக் குலைக்குது, நகந்து குலைக்குது. சலேத்து அந்தச் சத்தத்தைக் காதுல வாங்கினா. கரை அங்கதான். சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே கை போட்டு, போட்டு, போட்டு, காலுக்கு மணலு தட்டுப்பட்டுச்சு.

அப்பக்கூட அலை வந்ததும் நாய் பின்னால தாவிடுச்சு.

பிரகாசி பிள்ளையக் கட்டிக்கிட்டு, சேலை முந்தானையால தலையைத் துவட்டினா. வீட்டுக்கு வந்து மீன் குழம்பை இறக்கி, மூணு பங்கு போட்டா. மூணாவது யாருக்குன்னு சலேத்து கேட்டா.

"கரைல வலைக் கயிறு பிடிச்சவனுக்கும் கடலுக்குப் போனவனுக்கும் இந்த ஊர்ல ஒரே பங்குதானே. மரத்தைப் பாக்குற மாதிரி நாயைப் பாத்தோம், கரையாளு வேணும்ங்கிறதை மறந்துட்டோம்."

பங்கை நாய்கிட்ட வச்சா. நாய் மோந்து பாத்துச்சு. மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. கம்பங்கூழ்ல வளந்த நாய், மீன் வாடையே அதுக்கு ஆகல.

"திமிரைப் பாரு"ன்னா பிரகாசி. ஆனா மறுநாள், கொடியேத்தத்துக்கு ஊரெல்லாம் கிளம்புற நேரத்துல, அவ அடுப்படியில கம்பு இடிச்சுக்கிட்டிருந்தா. டொக், டொக். வெளிய மணல்ல தப் தப் தப் தப். ரெண்டு காலு சத்தம் இல்ல. ஆறு காலு.

ம் எங்க?

சரி. கதை கரையேறிடுச்சு. நீ கண்ணை மூடு.