விக்கலுக்கு ஒரு செம்புத் தண்ணீர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யென்று யாராவது நிரூபித்துவிட்டால் என் மீசையில் இடதுபக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். வலதுபக்கத்தைக் கேட்காதீர்கள், அதை வேறொரு கதைக்கு ஈடு வைத்திருக்கிறேன்.

நான் சுகாதாரத் துறையில் ஜீப் ஓட்டியவன். உப்பளத்தை ஒட்டி ஒரு தெரு. அந்த வருஷம் அங்கே டெங்கு. கொசு ஒவ்வொன்றும் சிட்டுக்குருவி பருமன், கண்ணாடியில் மோதினால் வைப்பர் வளைந்துவிடும். தண்ணீர் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை லாரியில் வரும். ஜனங்கள் டிரம்மில் பிடித்துவைத்துக் குடிப்பார்கள்.

ஜீப்பில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் டாக்டர் அருமைநாயகம், பொது சுகாதாரப் பேராசிரியர். மனுஷர் வாயைத் திறப்பது அந்த ஊரில் மழை பெய்கிற மாதிரி. மற்றவள் அவருடைய மாணவி சுடர்விழி, மேல்படிப்புக்குக் களப்பயிற்சி எடுக்க வந்தவள். வீடு வீடாகப் போய் டிரம்முக்குள் டார்ச் அடித்துக் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் தண்ணீரைத் துணியில் வடிகட்டலாம், அல்லது மருந்து ஊற்றி மூடலாம்.

முதல் நாள் சார் வரவில்லை. பேச்சித்தாய் என்கிற அம்மாள் வீட்டு டிரம்மில் புழு நெளிந்தது. சுடர்விழி தெரு ஜனங்களையெல்லாம் கூட்டிவிட்டாள். செல்போனை ஜீப் பானெட்டில் சாய்த்து வைத்தாள்.

"மருந்து ஊத்துனா போதாதாம்மா?" என்றேன்.

"அது வீடியோல தெரியாதுண்ணே. காலேஜ்ல போட்டுக் காட்டணும்."

பேச்சித்தாய் டிரம்மைப் பிடித்துக்கொண்டாள். "தாயி, இதை வச்சுத்தான் வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓட்டணும்."

"எதை? புழு வளர்க்கறதையா?"

தெரு சிரித்தது. சுடர்விழி டிரம்மைச் சாய்த்தாள். தண்ணீர் போன வேகத்தில் மண் குடித்துவிட்டது.

அப்புறம் அவள் பேசினாள் பாருங்கள், கிருமி, சுத்தம், பொறுப்பு என்று ஒரே மூச்சாக. பேசிப் பேசி விக்கல் வந்தது. அந்த விக்கலுக்கு ஜீப் ஹாரன் தானாக அடித்துக்கொண்டது. கூட்டத்திலிருந்து ஒரு கை செம்பை நீட்டியது. வாங்கினாள், மடமடவென்று குடித்தாள், திரும்பிப் பார்க்காமல் செம்பைக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசினாள்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை லாரி வருவதற்கு முன்னாலேயே, சாரும் வந்தார். தெருவில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. இரண்டு வீட்டில் காய்ச்சல் என்று தகவல், அந்தக் கதவுகளும் திறக்கவில்லை. வெயிலென்றால் வெயில், காக்கை தன் நிழலில் தானே ஒண்டி நின்றது. சுடர்விழி தட்டிக்கொண்டே போனாள். கடைசியில் பேச்சித்தாய் வீட்டு ஜன்னல் மட்டும் திறந்தது.

"அக்கா, கோபம் இருந்தா திட்டுங்க. கதவைத் திறங்க."

"கோபமெல்லாம் இல்ல தாயி. அன்னைக்கு உனக்கு விக்கல் எடுத்துச்சேன்னு பக்கத்து வீட்டுல ஒரு செம்பு கேட்டு வாங்கியாந்தேன். இன்னைக்கும் உனக்கு விக்கல் வந்தா, திரும்பப் போய்க் கேக்க எனக்கே கூச்சமா இருக்கு. வெயில்ல நிக்காத, போயிட்டு வா."

ஜன்னல் மூடியது.

அவள் ஜீப்புக்கு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்தவள் வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்திருந்தாள்.

"சார், செம்பை நீட்டினது அவங்கன்னு எனக்குத் தெரியாது."

"ம்."

"முகத்தைக்கூடப் பார்க்கல சார்."

அவள் செல்போனை எடுத்தாள்.

"அந்த வீடியோவை அழிச்சிடறேன் சார்."

"அழிக்கிறது அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

அவளே கேட்டாள். "காய்ச்சல் வீட்டுக்குள்ள போயாகணும் சார். எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போய்க் கதவைத் தட்டுவேன்?"

சார் சீட்டில் கிடந்த டார்ச்சை எடுத்தார். பின்பக்கம் திரும்பி, அவள் கையிலிருந்த பாட்டிலுக்குள் அடித்தார்.

"புழு இருக்கா?"

"இல்ல சார்."

"அன்னைக்கு அந்தச் செம்புல?"

"தெரியல சார்."

"டார்ச் உன் கையிலதானே இருந்துச்சு. அடிச்சுப் பார்த்தியா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"விக்கல் சார். தண்ணி கிடைச்சாப் போதும்னு இருந்துச்சு."

சார் டார்ச்சை அணைத்தார்.

"அந்தம்மாவுக்கு வாரம் பூரா அப்படித்தான் இருக்கும்."

அவள் பாட்டிலை மூடினாள். குடிக்கவில்லை.

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். ஜீப் ஓட்டுகிறவனுக்குக் காது கிடையாது என்று சார் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்.