ஏழு குதிரைகளும் ஒரு மூடியும்

“டீச்சர், ஹாலை எப்படி அலங்காரம் பண்ணினா என் பொண்ணு தோள்லேருந்து பையை இறக்குவா?”

கலியமூர்த்தி இப்படிக் கேட்டதும் எஸ்தர் டீச்சர் தையல் மிஷினை நிறுத்தினார்.

கேட்டவருக்கு அறுபத்து நாலு வயது. டீச்சருக்கு நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் பாலம் கட்டிய இன்ஜினியர், சீர்காழியில் ஒரு தையல் டீச்சரிடம் சீடராகப் போய் உட்கார்ந்த கதை ரொம்பச் சின்னது.

மனைவியின் ஜாக்கெட் துணியைக் கொடுக்கப் போனார். அளவு ஜாக்கெட்டை வீட்டிலேயே மறந்துவிட்டார்.

“பரவாயில்ல, சுமாரா தைச்சுடுங்க,” என்றார்.

“உங்க பாலத்தையும் சுமாராத்தான் கட்டினீங்களா சார்?” என்று கேட்டார் டீச்சர்.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறுவதில்லை. மனதில் எது உறுத்தினாலும் அந்த மிஷினுக்கு எதிரே உள்ள ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

“பையை இறக்கவே மாட்டாளா?”

“மாட்டா. ஆறு வருஷமா பாக்கறேன். பொங்கலுக்கு வருவா. சொந்தத்துல யாராவது செத்தா வருவா. சோஃபா நுனியில உட்காருவா. பை தோள்லயே தொங்கும். காபியைக்கூட அப்படியேதான் குடிப்பா, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி.”

“இப்ப எப்ப வர்றா?”

“வர்ற ஞாயித்துக்கிழமை. மாயவரத்துல சாயங்காலம் ஒரு ரிசப்ஷன். போற வழியில ஒரு மணி நேரம் எட்டிப் பாக்கறாளாம். என்கிட்ட சொல்லலை. அவங்க அம்மாகிட்ட சொன்னா.”

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. மதிவதனி ஒரே மகள். பாண்டிச்சேரியில் படம் வரைந்து பிழைக்கிறாள். அப்பாவும் மகளும் பேசிக்கொள்வது “சாப்டியா”, “ம்” என்பதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசிவிட்டு அவள் போனால் போதும் என்றுதான் மனிதர் ஏங்கிக்கொண்டிருந்தார்.

“ஹாலைப் பாக்கணும்,” என்றார் டீச்சர்.

*

கலியமூர்த்தி அந்த ஹாலுக்கு உயிரைக் கொடுத்திருந்தார்.

தரையில் முகம் தெரிகிற டைல்ஸ். புது சோஃபா, தூசு படியக் கூடாது என்று அது வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே இல்லை. கண்ணாடி ஷோகேஸ். அதற்குள் வாடாத பிளாஸ்டிக் ரோஜா. பெரிய சுவரில், பளபளக்கும் சட்டத்துக்குள், ஏழு வெள்ளைக் குதிரைகள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன.

“எப்படி இருக்கு டீச்சர்?”

டீச்சர் குதிரைகளைப் பார்த்தார்.

“யாரோட குதிரை?”

“கடையில வாங்கினது. வீட்டுக்கு நல்லதுன்னாங்க.”

“உங்களுக்குக் குதிரை ஓட்டத் தெரியுமா சார்?”

“சைக்கிள்தான் தெரியும்.”

அடுக்களையில் மனைவி சுலோச்சனா சிரிப்பது கேட்டது.

டீச்சர் தன் பையிலிருந்து கறுப்பு லைனிங் துணி ஒன்றை எடுத்தார். அவரைத் திரும்பச் சொல்லிக் கண்ணைக் கட்டினார்.

“வாசல்லேருந்து நடங்க. கை படற இடத்தையெல்லாம் தடவிப் பாருங்க. தெரிஞ்ச ஆளு யாராவது இருந்தா நில்லுங்க.”

“ஆளா? இங்க நாம மூணு பேருதானே இருக்கோம்?”

“நடங்க சார்.”

நடந்தார். சோஃபாவைத் தடவினார்.

“வழவழன்னு இருக்கு.”

“யாரு?”

“யாருமில்ல.”

ஷோகேஸ் ஜில்லென்றிருந்தது. யாருமில்லை. ரோஜாவைத் தொட்டார். யாருமில்லை. கையை உயர்த்திச் சட்டத்தைத் தடவினார். விரலுக்குக் கிடைத்தது வெறும் கண்ணாடி.

“குதிரைகூட இல்ல டீச்சர்.”

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். செங்கல் செங்கலாகத் தான் பார்த்துக் கட்டிய வீட்டில், தன் ஹாலில், முன்பின் தெரியாத கடைக்குள் நுழைந்தவர் போல நின்றுகொண்டிருந்தார். கோபம்கூட வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

“ஹால் முடிஞ்சு போச்சு,” என்றார்.

“கை நின்னுச்சா?”

“இல்ல.”

“அப்ப நடங்க.”

சுவரைப் பிடித்துக்கொண்டே போனார். அடுக்களையில் சுலோச்சனா ஒதுங்கி வழிவிட்டாள். அதைத் தாண்டிச் சாமான் அறை. அங்கே அரிசி டிரம் முழங்காலில் இடித்தது. அதன் மேலிருந்த எண்ணெய் டின்னை நகர்த்தி வைத்துவிட்டு, மூடியின் மேல் கை வைத்தார்.

கை நின்றது.

சொரசொரவென்று ஏதோ. கட்டைவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே அதைத் தேய்த்தன. வேலை பார்த்த காலத்தில் மணல் லாரி வந்து நின்றால், இறக்குவதற்கு முன் ஒரு சிட்டிகை எடுத்து இப்படித்தான் தேய்ப்பார். விரலில் மண் ஒட்டினால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

“ஆத்து மணல்,” என்றார். “சலிச்சது. மண்ணே கலக்கலை.”

“ம்.”

“இது சாக்கு. கான்கிரீட் வெடிக்காம இருக்கத் தண்ணி ஊத்திப் போத்துவோமே, அந்த மாதிரி சாக்கு.”

“ம்.”

“இங்க சிமெண்ட்.”

விரல்கள் மேலே ஏறின. துணி. தோய்த்துத் தோய்த்து நைந்த துணி. கரையில் மட்டும் கோடு கோடாகத் தடிப்பு. ஒரு ஓரம் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டவர், வெகுநேரம் விடவே இல்லை.

“துண்டு. வெயில்ல நிக்கும்போது தலையில கட்டிக்குவேன்.”

“யாரு சார்?”

“நான்தான் டீச்சர். இது நான்.”

*

கலியமூர்த்தி கண் கட்டை அவிழ்த்தார்.

இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை. அதில் மணலும் சிமெண்டும் சாக்கும் ஒட்டிச் செய்த ஒரு பாலம். பாலத்தின் மேல், தலையில் துண்டு கட்டிய ஒரு மனிதன். அவன் நெஞ்சுக்கு நேரே எண்ணெய் டின் பதிந்த பெரிய வட்டம்.

ஆறு வருடத்துக்கு முன் அவர் ஓய்வு பெற்ற அன்று மதிவதனி கொண்டுவந்து கொடுத்தது அது. ஆபீஸ் ஆட்கள் சுற்றி நின்றார்கள். அவர் ஒரு பார்வை பார்த்தார்.

“இந்தக் கந்தலை ஒட்டத்தான் நாலு வருஷம் படிச்சியா?” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். மதிவதனியும் சிரித்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

நல்ல பிளைவுட். தூக்கிப்போட மனசு வரவில்லை. அரிசி டிரம்மின் மூடி அந்தச் சமயம் பார்த்து உடைந்திருந்தது. பலகையின் வழவழப்பான பின்பக்கத்தைக் கீழே போட்டால் இடுக்கில்லாமல் உட்கார்ந்தது. பாரத்துக்கு எண்ணெய் டின்னை வைத்தால் எலி புகாது. அந்த ஏற்பாட்டில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பாவி மனிதர், அதை ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

“நான் தினம் ரெண்டு வேளை தொடறேன்,” என்றாள் வாசற்படியில் நின்றிருந்த சுலோச்சனா.

“நீயாவது சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா?”

கலியமூர்த்தி மூக்கை உறிஞ்சிவிட்டுச் சட்டென்று இன்ஜினியர் ஆனார்.

“எண்ணெய்க் கறையை எடுத்துடறேன். மேல வார்னிஷ் அடிக்கிறேன். இந்தத் துண்டு ஓரத்தைப் பசை போட்டு ஒட்டிட்டு, நல்ல கண்ணாடி போட்டு…”

“குதிரையை இறக்கிட்டு, அதே ஆணியில இதை மாட்டுங்க,” என்றார் டீச்சர். “வேற ஒண்ணும் பண்ணாதீங்க.”

“கறை?”

“யாரு பண்ணினது?”

“நான்.”

“இருக்கட்டும்.”

“பிரிஞ்ச ஓரத்தையாவது ஒட்டிடறேனே? தொங்குது டீச்சர், அசிங்கமா.”

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“அதைத் தொடவே கூடாது.”

“ஏன்?”

“செவ்வாய்க்கிழமை வாங்க.”

*

இத்தனை வருடத்தில் ஒரு போல்ட்டைக்கூட லூசாக விட்டுப் பழகாத மனிதர். சனிக்கிழமை மட்டும் நாலு தடவை பசை டியூபோடு சுவருக்கு முன்னால் போய் நின்றார். நாலு தடவையும் சுலோச்சனா ஒரு பார்வை பார்த்தாள். டியூப் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

சோஃபாவின் பிளாஸ்டிக்கை அவரே கிழித்து எடுத்தார். சுலோச்சனா தன் பங்குக்குப் பரணிலிருந்து கோரைப் பாயை இறக்கி விரித்தாள். ரோஜாவைத் தூக்கிவிட்டு, கல்யாணத்துக்கு முன் தான் போட்ட நூல் பின்னல் விரிப்பை அந்த இடத்தில் வைத்தாள். முப்பத்தாறு வருடமாக அப்படி ஒன்று வீட்டில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஞாயிறு மூன்று மணிக்கு மதிவதனி வந்தாள். பட்டுப் புடவை. தோளில் பை. சோஃபா நுனியில் உட்கார்ந்தாள்.

“சாப்டியா?”

“ம்.”

அம்மா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். டம்ளரை வாயருகே கொண்டுபோனவள் அப்போதுதான் சுவரைப் பார்த்தாள்.

டம்ளர் கீழே இறங்கியது.

“அந்த வட்டம் என்ன?”

“எண்ணெய் டின் வெச்சது.”

“யாரு வெச்சது?”

“நான்தான். அரிசி டிரம்முக்கு மூடியாப் போட்டிருந்தேன். ஆறு வருஷம்.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

“தப்பு பண்ணிட்டேன் வதனி. அன்னிக்கு அத்தனை பேருக்கு முன்னாடி அப்படிப் பேசியிருக்கக் கூடாது. எனக்குப் பாக்கத் தெரியலைம்மா.”

அவள் எழுந்து சுவருக்கு அருகே போனாள். பை தோளில் ஆடியது.

“மணல் எங்கேருந்து எடுத்தே?” என்று கேட்டார், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

“நீங்க கட்டின பாலத்துக்கு அடியிலேருந்து.”

“சலிச்சியா?”

“மூணு தடவை,” என்றாள் மதிவதனி. “இல்லன்னா நீங்க திருப்பி அனுப்பிடுவீங்களே.”

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வட்டத்திலிருந்து பார்வை மேலே போயிற்று. புருவம் சுருங்கியது.

“என்னப்பா இது? துண்டு ஓரம் பிரிஞ்சு தொங்குது. இப்படியேவா மாட்டுவாங்க?”

“பசை இருக்கு,” என்றார். சட்டைப் பையிலிருந்து டியூபை எடுத்தார்.

“குடுங்க. நீங்க பலகை ஆடாம அந்தப் பக்கம் பிடிச்சுக்குங்க.”

துண்டை நீவிவிட ஒரு கை, பசை தடவ ஒரு கை வேண்டியிருந்தது. மதிவதனி தோளிலிருந்து பையைக் கழற்றினாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் சோஃபாவில் போட்டாள்.